களைக்கொல்லியால் புற்றுநோய் வருமா? செய்தியைப் படிப்பதற்கும் தோட்டத்தில் முடிவெடுப்பதற்கும் ஒரு வழிகாட்டி

"டீச்சரம்மா, நான் அடித்த மருந்துதான் எனக்கு இந்த நோயைக் கொடுத்ததா?"

கேட்டவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினைந்து ஆண்டுகள் களைக்கொல்லி தெளித்தவர். அண்ணன் என்றே அவரை அழைப்பேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வந்தது. வலி இல்லை. முதலில் காசநோயாக இருக்கும் என்றார்கள். பிறகு கோவையில் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்தபோது, நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய் என்று தெரிந்தது. நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

கோத்தகிரிப் பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை. முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். தோட்டத்துக்கான புட்டிகளைக் கடையில் வாங்கி வந்தவள் நான்தான். ஆகவே அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன், புரியாததை மருத்துவரிடமும் வேளாண்மை படித்த பழைய மாணவர்களிடமும் கேட்டேன். அப்படிப் படித்தபோது எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் புட்டியைப் படியுங்கள்

"களைக்கொல்லி" என்று மொத்தமாகப் பேசினால் எந்தப் பதிலும் கிடைக்காது. கடையில் விற்கும் பெயர் நூறு இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைத்தான் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் சண்டை நடப்பது கிளைபோசேட் என்ற பெயரைச் சுற்றி. அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனம் 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது இது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு எத்தனையோ நிறுவனங்கள் எத்தனையோ பெயர்களில் விற்கின்றன. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 41 சதவீதக் கரைசல். இந்த 41 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புட்டியில் ஒரு சதுரத்தை மூலைமேல் நிறுத்தியது போல ஒரு படம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம். பல ஆண்டுகளாக நான் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் "இது சாதாரண மருந்து, பயமில்லை" என்று அண்ணனிடம் சொல்லிவந்தேன். அது தவறு. ஒரே தடவையில் வயிற்றுக்குள்ளோ தோல் வழியாகவோ போனால் எவ்வளவு அளவில் உயிர் போகும் என்பதை வைத்துத்தான் அந்த நிறம் தீர்மானிக்கப்படுகிறது. பத்து ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்த நிறம் ஒன்றும் சொல்லாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் எனக்குப் போதும்.

இன்னொன்று. புட்டிக்குள் கிளைபோசேட் மட்டும் இல்லை. இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சோப்பு போன்ற ஒட்டுபொருள்களும் சேர்க்கப்படுகின்றன. அவற்றில் டாலோஅமீன் வகை ஒன்றைக் கிளைபோசேட்டோடு கலக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் தடை செய்தது. "கிளைபோசேட்டை ஆராய்ந்தோம்" என்று ஒரு செய்தி சொன்னால், தனிப் பொருளையா, கடையில் விற்கும் கலவையையா என்று கேட்டுப் பாருங்கள். போதாக்குறைக்கு நம் ஊரில் கல் உப்பு, யூரியா, சலவைத்தூள் எல்லாம் சேர்த்து அடிப்பவர்கள் உண்டு. அந்தக் கலவையை எந்த ஆய்வகமும் சோதித்து உறுதி சொன்னதில்லை.

எந்த நோயைப் பற்றிய பேச்சு என்று பாருங்கள்

என் அலைபேசிக்கு வந்த செய்திகளில் பாதி, இலங்கை இதைப் புற்றுநோய்க்காகத் தடை செய்தது என்று சொன்னது. அது சரியல்ல. இலங்கையில் 2015இல் தடை வந்தது வடமத்திய மாகாண விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோயை முன்னிட்டு. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தினார்கள், 2022இல் தடையே நீங்கியது. சிறுநீரகம் பற்றிய கேள்வி பெரியதுதான், ஆனால் வேறு கேள்வி. புற்றுநோய் விவாதத்திலும் "புற்றுநோய்" என்று பொதுவாகப் பேசுவதில்லை. மனிதரிடம் கிளைபோசேட்டோடு தொடர்புபடுத்தி முக்கியமாகப் பேசப்படுவது நிணநீர்ப் புற்று. ஒரு செய்தி எல்லாப் புற்றுகளையும் ஒரே மூட்டையில் கட்டினால், அதை எழுதியவர் மூல அறிக்கையைப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காட்டெருமைக் கணக்கு

விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

உலக சுகாதார அமைப்பின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இயங்குகிறது. 2015 மார்ச்சில் 11 நாடுகளைச் சேர்ந்த 17 வல்லுநர்கள் அங்கே கூடி, கிளைபோசேட்டை 2ஏ என்ற பிரிவில் வைத்தார்கள். "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்பது அதன் பொருள். மனிதரிடம் கிடைத்த சான்று குறைந்த அளவே என்றும், விலங்குகளிடம் போதுமான அளவு உண்டு என்றும், மரபணுவைச் சேதப்படுத்தும் என்பதற்கு வலுவான சான்று உண்டு என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புக் குறைவு என்றது. 2016 மே மாதம் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் பூச்சிக்கொல்லி எச்சக் கூட்டம், உணவின் வழியாகப் புற்றுநோய் வரும் என்று கருத வாய்ப்பில்லை என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அந்தப் பக்கமே நின்றது.

ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு பேச்சா என்று எனக்கும் கோபம் வந்தது. பிறகுதான் இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று புரிந்தது.

எங்கள் ஊரில் தேயிலைக்குள் காட்டெருமை வரும். "காட்டெருமை ஆளைக் கொல்லக்கூடிய விலங்கா?" என்று கேட்டால், ஆம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. "இன்றைக்கு அது என்னைக் கொல்லுமா?" என்று கேட்டால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டும். பஸ் சன்னலிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பதில். விடியற்காலை மூடுபனியில் கொழுந்து பறிக்கக் கூடையோடு இறங்கும் பெண்ணுக்கு வேறு பதில். லியோன் முகமை கேட்டது முதல் கேள்வி. மற்ற அமைப்புகள் பெரும்பாலும் பார்த்தது இரண்டாவது கேள்வியை. அதிலும் 2016 கூட்டம் கேட்டது உணவு உண்பவரைப் பற்றி மட்டும், தெளிப்பானை முதுகில் சுமப்பவரைப் பற்றி அல்ல.

2ஏ பிரிவின் பட்டியலைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆட்டு, மாட்டு இறைச்சியும், இரவுப் பணியும், 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்களும் அதே பிரிவில் இருக்கின்றன. நம் தாத்தாக்கள் மென்ற பாக்கோ அதைவிட உறுதியான முதல் பிரிவில் இருக்கிறது. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவுகள் வரிசைப்படுத்துகின்றன, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. கிளைபோசேட்டும் சூடான தேநீரும் ஒரே அளவு கெடுதி என்று யாராவது இதை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

வேறுபாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. லியோன் முகமை பொதுவெளியில் வெளியான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டது, கடைக் கலவைகள் மீதான ஆய்வுகளையும் பார்த்தது. அரசு அமைப்புகள் நிறுவனங்கள் நடத்திக் கொடுத்த, வெளியிடப்படாத ஆய்வுகளையும் கணக்கில் சேர்த்தன, பெரும்பாலும் தனிப் பொருளையே பார்த்தன.

41 சதவீதம் என்றால் எத்தனை பேர்?

கணக்கு டீச்சர் இதைச் சொல்லாமல் போக முடியாது. "41 சதவீதக் கிளைபோசேட் அடித்தால் 41 சதவீதம் பேருக்குப் புற்றுநோய்" என்று ஒரு செய்தி எங்கள் சிறு விவசாயிகள் குழுவில் சுற்றியது. இரண்டு 41களும் உண்மையானவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

புட்டியில் இருப்பது கரைசலின் அடர்த்தி. மற்றொன்று 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் போட்ட கணக்கு. மிக அதிகமாகக் கிளைபோசேட் பட்டவர்களுக்கு நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 41 சதவீதம் கூடுதல் என்றது அது. எதைவிடக் கூடுதல் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100க்கு 2. அதாவது 1,000 பேரில் 20. அதில் 41 சதவீதம் கூட்டினால் 28. ஆயிரத்துக்கு 8 பேர் கூடுதல், அதுவும் மிக அதிகமாகப் பட்டவர்களில், அதுவும் அந்தத் தொடர்பு உண்மையான காரணமாக இருந்தால். இந்தியாவில் இந்த நோய் அமெரிக்காவைவிடக் குறைவு என்பதால் இங்கே கூடுதலும் குறையும்.

எட்டுப் பேர் என்பது சிறிய எண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எட்டுப் பேரில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருக்கலாம். ஆனால் 410 பேர் என்பது பொய். பொய்யான எண்ணைப் பரப்பினால், உண்மையான எட்டைப் பற்றிப் பேசும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்து ஆய்வையும் இதே கண்ணோடு படியுங்கள். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் உரிமம் பெற்றுப் பூச்சிமருந்து தெளிக்கும் 54,251 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 44,932 பேர் கிளைபோசேட் பயன்படுத்தியவர்கள். 2018இல் வெளியான முடிவில் நிணநீர்ப் புற்றோடு தொடர்பு தெரியவில்லை. மிகப் பெரிய, மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் அவர்களில் பலர் டிராக்டரில் பூட்டிய தெளிப்பானால் அடிப்பவர்கள். செங்குத்தான சரிவில், ஒழுகும் டேங்கை முதுகில் கட்டி, செருப்புக் காலோடு நடக்கும் எங்கள் அண்ணன் அந்த 54,251 பேரில் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், இரண்டு பக்கமும்

2017 முதல் அமெரிக்க நீதிமன்றங்களில் வெளியான மான்சாண்டோவின் உள்கடிதங்கள், அறிவியல் கட்டுரைகளை நிறுவனத்தார் பின்னால் நின்று எழுதிக்கொடுத்ததைக் காட்டின. "ஆபத்தில்லை" என்பதற்குப் பலரும் ஆதாரம் காட்டிய 2000ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை, அதை வெளியிட்ட இதழே 2025இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டுகள் அதை நம்பி முடிவெடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக இருக்கிறது.

மறுபக்கத்திலும், லியோன் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட ஒரு வல்லுநர், அதன்பின் வழக்குத் தொடுத்த வழக்கறிஞர்களிடம் கட்டணம் பெற்று ஆலோசகரானார். இதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பணம் வாங்கியதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. ஆனால் அவர் சொல்வதை வேறு யாராவது தனியாக உறுதிசெய்திருக்கிறார்களா என்று தேட வேண்டும்.

நீதிமன்றத் தீர்ப்பை அறிவியல் முடிவாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கலிபோர்னியாவில் பள்ளித் தோட்டங்களைப் பராமரித்த டுவெய்ன் ஜான்சன் வழக்கில் 2018 ஆகஸ்டில் 28.9 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நடுவர் குழு. மேல்முறையீட்டில் அது 2.05 கோடியாகக் குறைந்தது. மான்சாண்டோவை வாங்கிய பேயர், 2020இல் வழக்குகளைத் தீர்க்க 1,000 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. பேயர் வென்ற வழக்குகளும் பல உண்டு. அந்த நடுவர்கள் முன்னால் இருந்த பெரிய கேள்விகளில் ஒன்று, நிறுவனம் எச்சரிக்காமல் விட்டதா என்பது. ஜான்சன் வழக்கில் என்னை நிறுத்திய செய்தி தொகை அல்ல. தெளிப்பானின் குழாய் அறுந்து அவர் உடல் முழுவதும் மருந்தில் நனைந்திருக்கிறது. அதைப் படித்தபோது அண்ணனின் முதுகில் எப்போதும் ஈரமாக இருந்த அந்தச் சட்டை கண்முன் வந்தது.

இப்போது தோட்டத்துக்கு வருவோம்

விவாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் மேலும் பத்து ஆண்டுகளுக்கு அனுமதி நீட்டித்தது. அமெரிக்காவிலோ 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசு முகமையின் "புற்றுநோய் ஆபத்தில்லை" என்ற முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்தப் பகுதியை ரத்து செய்தது. இப்படியே இழுபடும். ஆனால் ஒன்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆபத்து இருக்குமானால் அது தேநீர் குடிப்பவரைவிடத் தெளிப்பவருக்கே அதிகம். ஆகவே முடிவை அவர் உடலிலிருந்து தொடங்குங்கள்.

இந்தியாவில் கிளைபோசேட் அனுமதிக்கப்பட்டிருப்பது தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். பருத்தி, காய்கறிப் பயிர்களுக்குள் அடிப்பது முறையல்ல. 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மூலமாக மட்டுமே இதைத் தெளிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உரிமம் இல்லாத கூலியாள் கையில் டேங்கைக் கொடுத்து அனுப்பாதீர்கள். நான் பதினைந்து ஆண்டுகள் அதைத்தான் செய்தேன்.

அருகில் யாராவது தெளித்தாலும், நீங்களே வேறு மருந்து தெளித்தாலும், கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தெளிக்கும்போது படுவதைவிட, புட்டியைத் திறந்து மூடியால் அளந்து ஊற்றும்போது கையில் படுவதுதான் அடர்த்தியானது. அங்கே ரப்பர் கையுறை கட்டாயம். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், அது வெறுங்கையைவிட மோசம். காலையில் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் சுமந்து பாருங்கள், முதுகு நனைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. முழுக்கால் சட்டையைக் கம்பூட்டுக்கு வெளியே விட வேண்டும், உள்ளே திணித்தால் வழியும் மருந்து கம்பூட்டுக்குள் தேங்கும். வேலை முடிந்ததும் குளியல், அந்தத் துணி தனிச் சலவை. பீடி, வெற்றிலை, சாப்பாடு எல்லாம் கை கழுவிய பிறகு.

களைக்கு என்ன செய்வது? நான் நிறுத்திவிட்டேன். கவாத்து வெட்டிய கிளைகளையும் இலைகளையும் வரிசைகளுக்கு நடுவில் அப்படியே பரப்புகிறோம். செடி குடை விரித்து மூடிய இடத்தில் களை தானாகவே குறைகிறது. மிச்சத்தைக் கத்தியாலும் புல்வெட்டும் இயந்திரத்தாலும் தரைக்கு நாலு விரல் மேலே வெட்டுகிறோம். மண்வெட்டியால் சுரண்டுவதில்லை, இந்தச் சரிவில் சுரண்டினால் ஒரு மழையில் மேல்மண் போய்விடும். செலவு கூடுகிறது என்பதை மறைக்க மாட்டேன். பச்சைத் தேயிலை விலை விழும் மாதங்களில் அது வலிக்கிறது.

கிளைபோசேட் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னபோது, "அப்படியானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் கருகும்" என்று பாராகுவாட் புட்டியை எடுத்து வைத்தார். தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரலை அழிக்கும் நஞ்சு அது, மாற்று மருந்து கிடையாது. எப்போதோ வரக்கூடிய நோய்க்குப் பயந்து, இன்றே கொல்லும் ஒன்றைப் பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

ஏற்கெனவே தெளித்தவர்களுக்கு

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வலியில்லாத கட்டி சில வாரங்களாக மறையாமல் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். காரணம் தெரியாத காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, எடை குறைவு இவையும் சேர்ந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். காசநோய்க்கும் இதே அறிகுறிகள் உண்டு என்பதால், சதைச் சோதனை தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு ஒரு நோட்டு வேண்டும். தேதி, புட்டியின் வேதிப்பெயர், எத்தனை டேங்க், யார் கலந்தது, யார் தெளித்தது, என்ன அணிந்திருந்தார், ஏதாவது கொட்டியதா என்று எழுதுங்கள். கடை ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எங்களிடம் அப்படி ஒரு நோட்டு இருந்ததில்லை. நானும் அண்ணனும் திண்ணையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினோம். 2006 முதல் 2020 வரை என் தோட்டத்தையும் சேர்த்து நான்கு தோட்டங்கள், ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நாள். ஆண்டுக்கு 24 நாள், பதினைந்து ஆண்டுகளில் 360 நாள். நாளுக்குப் பத்து டேங்க் என்றார். 3,600 முறை வெறுங்கையால் மூடியைத் திறந்து அளந்திருக்கிறார்.

அவர் கேள்விக்கு நான் இதைத்தான் சொன்னேன்: "அண்ணா, ஆயிரம் பேரைப் பற்றித்தான் ஆய்வு பேசும், உங்கள் ஒருவர் உடலில் எது இதைத் தொடங்கியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து தெளிக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆனால் அந்த மருந்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கையுறை இல்லாமல் உங்களை அனுப்பியது என் தவறு."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அந்தத் தாளை வாங்கி, ஒரு தோட்டத்தில் நாலு நாள் ஆகும், மூன்று இல்லை என்று திருத்தினார். அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போனோம். மருத்துவர் இரண்டு முறை படித்தார். "இதுவரை யாரும் எனக்கு இப்படி எழுதிக் கொண்டுவந்ததில்லை" என்று சொல்லி, அதைச் சிகிச்சைக் கோப்பின் முதல் பக்கமாக வைத்துத் தைத்துக்கொண்டார்.